பதினாறு பெருவிரல்

எங்கள் கந்தோரில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் நான் ஒளிய இடம் தேடுவேன். கேக் வெட்டுவதோடு விட்டால் பரவாயில்லை. வெட்டியவர் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் வாயாக ஊட்டிக்கொண்டு வருவார். ஒரே கை, பதினைந்து வாய். பல்லில் பட்டு, உதட்டில் பட்டு, சிலர் செல்லமாக விரலையும் கவ்விவிட, அந்தக் கை கடைசியாக என் முன்னால் வந்து நிற்கும்போது அதில் ஐசிங் எது எச்சில் எது என்று சொல்ல முடியாது. "மிஸ், ஆ காட்டுங்க" என்பார்கள். எனக்குத் தடிமன், உங்களுக்குத் தொற்றிவிடும் என்று சொல்லித் தப்புவேன். வருடத்தில் பதினைந்து தடவை தடிமன் பிடிக்கும் ஒரே ஆள் கொழும்பில் நானாகத்தான் இருக்கும்.

'டீம்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கைதான் கண்ணில் தெரிகிறது. அந்தக் கையால் ஒரு மனிதர் யாருடைய உதவியும் இல்லாமல் கக்கூசுக்குப் போய் வரும் சுதந்திரத்தை இழக்கப் பார்த்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நாசூக்காகச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் எங்கள் கந்தோர். தொடர்மாடி வீடுகள் கட்டி விற்கிற கம்பனி. நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். பிளான் கீறுவது என் வேலை இல்லை. கீறிய பிளானை, கட்டடம் எழும்பும் சைற்றுக்குப் போகுமுன் பிழை பார்ப்பது என் வேலை.

அதை நான் செய்கிற விதம் ஒன்று உண்டு. பிளானை மேசையில் விரித்து, வாசல் கதவில் பென்சிலை வைத்து, அந்த வீட்டுக்குள் போவேன். செருப்பைக் கழற்ற இடம் இருக்கிறதா? சாமான் பையோடு குசினிக்குப் போனால் எங்கே வைப்பேன்? குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் அது எதில் இடிக்கும்? கட்டிலைச் சுற்றி நடந்து, ஜன்னலைத் திறந்து, இருட்டில் சுவிட்சைத் தடவிப் பார்த்து, அந்தக் குடும்பம் இருபது வருடம் இருக்கப்போகிற வீட்டில் நான் ஒரு மணித்தியாலம் குடியிருப்பேன். அப்போது யாராவது "மிஸ், ஒரு நிமிசம்" என்று கூப்பிட்டால் நான் வெளியே விழுந்துவிடுவேன். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மறுபடியும் வாசலுக்கு வந்து, மறுபடியும் செருப்பைக் கழற்ற வேண்டும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் கையால் போன வீடுகளில் கதவுக்குக் கதவு முட்டுகிற வீடு ஒன்றும் இல்லை.

பழைய முதலாளி காலத்தில் ஆளுக்கொரு சின்ன அறை இருந்தது. தீப்பெட்டி மாதிரி அறைதான், ஆனால் கதவு இருந்தது. பத்து மணிக்கு எல்லாரும் கந்தோர்க் குசினியில் பிளேன்ரீயோடு கூடுவோம். சிக்கல் எல்லாம் அங்கேதான் அவிழும். ஒருமுறை, குழாய் வேலைகளைக் கீறுகிற, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் என் பிளானை எட்டிப் பார்த்துவிட்டு, "மேல்வீட்டுக் கக்கூசுக் குழாய் கீழ்வீட்டு ஆளுட தலமாட்டுக்கு நேரா இறங்குது, பாத்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு வீடாகத்தான் நடக்கிறவள், அவர் வீட்டுக்கு வீடு ஓடுகிற தண்ணீரோடு போகிறவர். அவர் சொல்லாவிட்டால் அந்தக் கட்டில் அங்கேயே போயிருக்கும். அதனால் கூடிக் கதைப்பதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கோப்பை காலியானதும் எழும்பி அவரவர் அறைக்குப் போய்விடுவோம். அதுதான் அதிலுள்ள சுகம்.

பிறகு முதலாளிக்கு இருதய வருத்தம் வந்து வீட்டோடு இருக்க, அவுஸ்திரேலியாவில் படித்த மகன் வந்து பொறுப்பெடுத்தார். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் கிடையாது. வந்த முதல் மாதமே அறைகளை எல்லாம் உடைத்தார். நடுவில் ஒரு நீட்டு மேசை. சுவரில் 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்று பெரிய ஸ்டிக்கர்.

"அன்ரி, இனி எல்லாரும் ஒரே டேபிள். வோல் இருந்தா ஐடியா வராது."

"தம்பி, எனக்கு ஐடியா வராட்டிப் பரவாயில்ல. பிழை கண்ணுல பட்டாப் போதும்."

அவர் சிரித்து என் தோளில் தட்டினார். அன்ரி என்று என்னைக் கூப்பிடச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது.

அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு இடது பக்கம் வீடு விற்கிற தம்பி. லண்டன், கனடா என்று நாள் முழுக்க ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பார். யாருடைய மாமியாருக்கு எந்த மாடி பிடிக்காது என்பதெல்லாம் எனக்குப் பாடம். எதிரில் இருப்பவர் தொண்டையில் எதையோ நாள் முழுக்க மேலே இழுத்து, பிறகு விழுங்குவார். துப்பியிருந்தாலாவது ஒரு முடிவு தெரிந்திருக்கும். வலது பக்கம் நகம் வெட்டுகிறவர். ஒருநாள் அவருடைய கால் நகம் ஒன்று பறந்து வந்து ஐந்தாம் மாடிப் பிள்ளைகள் அறையின் நடுவில் விழுந்தது. மத்தியானம் சோற்றுப் பார்சல்களை அதே மேசையில் அவிழ்ப்பார்கள். கருவாட்டுக் குழம்பு ஒரு பார்சலில் இருந்து இன்னொரு பார்சலுக்குப் பயணம் போகும், கை கழுவுமுன் யாராவது என் பிளானைக் காட்டி "இது என்ன மிஸ்?" என்று விரலை வைப்பார்கள். பருப்புக் கறி படிந்த சுவர்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

காலையில் எல்லாரும் வட்டமாக நின்று, இன்றைக்கு என் மனநிலை எப்படி என்று ஆளுக்கொரு வசனம் சொல்ல வேண்டும். என் முறை வந்தால் "பரவாயில்ல" என்பேன். பிறகு வட்ஸ்அப் குரூப் ஒன்று. இனி எந்த முடிவும் அதில்தான். பிளானைப் போட வேண்டும், எல்லாரும் பார்த்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அழுத்தினால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். முன்பு ஒரு பிளானுக்கு என் கையெழுத்து ஒன்று போதும், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். இப்போது எல்லாருடைய விரலும் வேண்டும், யாரும் பதில் சொல்லத் தேவையில்லை.

"தம்பி, காலையில ரெண்டு மணித்தியாலம் மட்டும் என்னோட ஒருத்தரும் கதைக்காம இருந்தாப் போதும். பின்னேரம் எவ்வளவு வேணுமெண்டாலும் கூடிக் கதைப்பம்" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். காதில் மாட்டுகிற ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்தார். அதை மாட்டிக்கொண்டு இருந்தால் தோளில் தட்டிக் கூப்பிட்டார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் கொச்சிக்கடையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அகன்ற தோள், பெரிய உடம்பு. சீனி வருத்தத்தில் இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். லிஃப்டில் ஏறி, சக்கர நாற்காலியில் தானே உருட்டிக்கொண்டு வந்தார். பழைய வீட்டில் கக்கூசு பின்பக்கம், படி இறங்கிப் போக வேண்டும். அந்த வீட்டை விற்றுத்தான் மகளுக்குக் கிட்ட, நாங்கள் கட்டத் தொடங்கியிருந்த தொடர்மாடியின் முதலாம் மாடியில் ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டியிருந்தார்கள்.

மனைவி என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். மேசையில் நான் ஒருத்திதான் நிமிர்ந்து பார்த்தேன் போல.

"மிஸ், எனக்கு பல்கனி வேணாம், கடல் தெரியவும் வேணாம். பக்கத்து வீட்டுப் பொடியன்மார்தான் இவர இப்பத் தூக்கிக்கொண்டு போறது. அவங்க நல்ல பிள்ளைகள், ஆனா அவங்க எழும்புற வரைக்கும் இவர் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியிருக்கு. அந்த நேரத்துல இவர்ட மொகத்தப் பாக்கேலாது. இவர் தன்ட பாட்டுல போய் வரணும். அது மட்டும் செஞ்சு தாங்க."

அவர் சுவரிலிருந்த ஸ்டிக்கரை வாசிப்பது மாதிரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாடாவை எடுத்து நாற்காலியின் அகலத்தை அளந்தபோதுதான் வாய் திறந்தார்.

"எனக்குக் கை நல்லா இருக்கு, மிஸ். கதவு மட்டும் விட்டாச் சரி."

அந்த வீட்டை நான் அவருடைய நாற்காலியில் இருந்துகொண்டு பார்த்தேன். மூன்றடிக் கதவு. உள்ளே போய்த் திரும்ப இடம். பிடித்து எழும்பக் கம்பி. அந்த வீட்டுக்கு மட்டும் தனிப் பிளான் போட்டு, மற்ற மாடிகளோடு சேர்க்க வேண்டாம் என்று சிவப்பில் எழுதிவைத்தேன்.

ஒரு மாதம் போகவில்லை. லண்டனில் இருந்து வீடு கேட்ட ஒருவரின் வாஸ்து ஐயா பிளானைப் பார்த்துவிட்டு, வாசலைத் திறந்ததும் நேரே பாத்ரூம் கதவு தெரிகிறதே, வீட்டில் செல்வம் தங்காது என்று சொல்லியிருக்கிறார். காலை வட்டத்தில் அதுதான் கதை. ஆளுக்கொரு யோசனை. விற்கிற தம்பி ஒன்று சொன்னார், நகம் வெட்டுகிறவர் ஒன்று சொன்னார், வரவேற்பில் இருக்கும் பிள்ளை தன் அக்கா வீட்டில் செய்ததைச் சொன்னது. முதலாளி மகன் கண்ணாடிச் சுவரில் சிவப்பு மார்க்கரால் பாத்ரூமை அப்படியே திருப்பி, குழாய்கள் இறங்கும் பெட்டிக்கும் தூணுக்கும் நடுவில் கதவை வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நானா மட்டும் கன்னத்தைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"முதலாம் மாடி வீட்டத் தொடாதீங்க. அவங்க வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவங்க, வாஸ்து பாக்கிறதில்ல. அந்தக் கதவு சின்னனாக ஏலாது" என்றேன்.

"ஓம் ஓம் அன்ரி. எல்லாரும் கேட்டீங்கதானே?"

எல்லாரும் கேட்டார்கள். பிறகு நாலு பேர் ஒரே நேரத்தில் கணினியில் அந்த ஒரே பிளானைத் திருத்தினார்கள், சேர்ந்து செய்தால் கெதியாக முடியுமாம். அந்த நாலு பேரில் யாரோ ஒருவர், எல்லா மாடிக்கும் ஒன்றாகப் பதித்துவிட்டார். யார் என்று இன்றைக்கும் தெரியாது. கேட்டால் நாலு பேரும் மற்ற மூன்று பேரைப் பார்ப்பார்கள்.

திருத்திய பிளான் என்னிடம் வந்தபோது, சுவர் வேலை தொடங்க அடுத்த நாள் காலையில் சுபநேரம் குறித்தாயிற்று. நான் கட்டையும் சுருட்டிய தாளும் கிடக்கிற சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். இரண்டாம் மாடியில் பாதி வீடுகூட நடக்கவில்லை, "அன்ரியக் காணல" என்று தேடி வந்துவிட்டார்கள். டீம் படம் எடுக்க நான் வேண்டுமாம்.

அடுத்த நாள் விற்கிற தம்பிக்குப் பிறந்தநாள். சுபநேரம் நெருங்குகிறது, கேக் வந்துவிட்டது, பிளான் குரூப்பில் விழுகிறது. நான் மேசையில் இருந்தபடியே எழுதினேன், நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை, பார்க்காமல் அனுப்ப வேண்டாம் என்று. அதன் மேல் பலூன், கேக், பூங்கொத்து, ஹாப்பி பர்த்டே மச்சான் என்று மழையாகப் பெய்து என் வசனத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. எழும்பிப் போய் முதலாளி மகனிடம் வாயால் சொன்னேன். அவர் வாயில் கேக் இருந்தது. தலையை ஆட்டி, போனைக் காட்டினார். ஐசிங் பூசிய விரல்களால் ஒவ்வொருவராக அழுத்திக்கொண்டிருந்தார்கள். பெருவிரல், பெருவிரல், பெருவிரல். ஒருவர்கூடப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. சுபநேரத்துக்குப் பிளான் போய்விட்டது.

அடுத்த நாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்தேன். கந்தோரில் யாரும் இல்லை, நேற்றைய கேக் பெட்டியில் எறும்பு. பிளானை விரித்து, முதலாம் மாடி வீட்டைத் திறந்து, அந்த மனிதரின் நாற்காலியில் இருந்து உருட்டிக்கொண்டு போனேன். பாத்ரூம் வாசலில் முட்டிக்கொண்டு நின்றேன். நிலையோடு சேர்த்து இரண்டேகால் அடி, நிலை தின்றது போக இரண்டடியும் இல்லை. அவர் போக முடியாது.

சைற் மேற்பார்வையாளர் சிங்களவர், நல்ல மனிதர், என்னோடு நேரே கதைக்கிறவர். எனக்குச் சிங்களம் கதைக்க வரும், எழுத வராது. அவருக்குக் கோல் எடுக்கப் போனைக் கையில் எடுத்த நேரம் முதலாளி மகன் உள்ளே வந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"தனித்தனியா கோல் எடுக்க வேணாம் அன்ரி. அதாலதான் குழப்பம் வாறது. குரூப்ல போடுங்க, எல்லாருக்கும் விளங்கும். சிங்களத்தில யாராவது போட்டு விடுவாங்க."

போட்டேன். முதலாம் மாடி பாத்ரூம் சுவரைக் கட்ட வேண்டாம், கதவு மூன்றடி வேண்டும், பழைய பிளானைப் பாருங்கள் என்று தமிழில் தெளிவாகப் போட்டேன். சிங்களத்தில் யாராவது போடுவார்கள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாராவது என்று ஒரு ஆள் எங்கள் கந்தோரில் வேலை செய்வதில்லை. பத்து மணிக்குள் என்னைத் தவிரப் பதினைந்து பேரும் பெருவிரல் போட்டிருந்தார்கள். பதினாறாவதாக மேற்பார்வையாளருடைய பெருவிரலும் விழுந்தது. அதைப் பார்த்ததும், யாரோ அவருக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டார்கள் என்று நான் நிம்மதியாகப் பிளேன்ரீ ஊற்றிக் குடித்தேன்.

சில மாதம் கழித்து, வீட்டைப் பார்க்க அவரைக் கூட்டிவரலாமா என்று அந்த மனைவி போனில் கேட்டார். முன்னுக்கு ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று நான் சைற்றுக்குப் போனேன். சுவர் எழும்பி, மாபிள் பதித்து, பாத்ரூம் பளபளவென்று இருந்தது. கதவு நான் பிளானில் முட்டிய அதே கதவு. ஒரு பக்கம் தூண், மறுபக்கம் ஏழு மாடிக் குழாயும் இறங்குகிற பெட்டி. உடைத்து அகலமாக்க வழியில்லை. வெளியே போய் மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மேற்பார்வையாளரிடம் போனைத் திறந்து என் வசனத்தைக் காட்டினேன். அதன் கீழே அவருடைய பெருவிரல். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

"ஒக்கொம தெம்மா, மிஸ். மமத் தெம்மா" என்றார். எல்லாரும் போட்டார்கள், நானும் போட்டேன்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பதினைந்து பேரும் அதையேதான் செய்தார்கள், அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்பதுதான் வித்தியாசம்.

கந்தோரில் கூட்டம் வைத்தார்கள். நடுவில் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ். "ஒருத்தரையும் குறை சொல்ல வேணாம். பிழை விட்டது டீம். நாங்க ஒரு ஃபமிலி" என்றார் முதலாளி மகன். எல்லாரும் தலையாட்டி, மென்று, எண்ணெய் விரலை நக்கிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது. பிழையைப் பதினாறாகப் பிரித்ததும் ஆளுக்கு வந்த பங்கு ஒரு ரோல்ஸ் துண்டை விடச் சின்னது, சுலபமாகத் தொண்டையில் இறங்கிவிட்டது.

"அப்ப அந்த டீமைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெரியவருக்கு முன்னால நிப்பாட்டுங்க" என்றேன்.

நான் குத்தலாகச் சொன்னதை அவர் நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டார். எல்லாரும் வேன் பிடித்துப் போனோம். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று கேக் ஒன்றும் வாங்கினார்கள். சீனி வருத்தத்தில் காலை இழந்த மனிதருக்குக் கேக். கடையில் பெட்டி கட்டும் வரை அது ஒருவருக்கும் உறைக்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

அவர் புதுச் சேட் போட்டு, தலையை வாரி, நாற்காலியில் வந்திருந்தார். நேரே பாத்ரூம் பக்கம் உருட்டினார். நாற்காலி நிலையில் முட்டி நின்றது. பின்னுக்கு எடுத்து, கோணலாக விட்டுப் பார்த்தார். மறுபடியும் முட்டியது. டீம் அவரைச் சுற்றி நின்றுகொண்டது.

"அங்கிள், இதைவிடச் சின்னக் கதிரை எடுக்கலாமே."

"ரூமுக்குள்ளேயே கொமோட் கதிரை ஒண்டு வச்சா என்ன?"

"ஒரு பொடியன வேலைக்கு வைங்க, தூக்கி விடுவான்."

"அங்கிள் கொஞ்சம் மெலிஞ்சாலும் சரிதான்" என்று ஒருவர் பகிடி விட்டார். யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள், யாரோ தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். சில்லில் இருந்த அவருடைய கை நிலைக்கும் சில்லுக்கும் நடுவில் அகப்பட்டு, முட்டியில் தோல் உரிந்தது.

"விடுங்க" என்றார். ஒருவரும் விடவில்லை. "எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க!"

துறைமுகத்தில் கீழே நிற்கிறவனுக்குக் கேட்கக் கத்திய குரல் அது. மேசை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள். நான் நின்றேன். என்னை அந்தக் கூட்டத்தோடு சேர்க்க மாட்டார் என்று நினைத்தேன்.

"நீங்களும்தான், மிஸ்."

வெளியே வந்தேன். நடையில் நின்று அவர்கள் கேக்கை வெட்டத் தொடங்கியிருந்தார்கள், வாங்கியது வீணாகப் போகக்கூடாதாம். மனைவி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். உள்ளேயிருந்து நாற்காலி நிலையில் முட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் முட்டியது.

பழைய வீடு கைமாறிவிட்டது, முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கு என்று புதுக்கடைக் கோர்ட்டுக்கு அலைய அவர்களால் முடியாது. கடைசியில் மேசன்தான் வழி சொன்னார். கதவையும் நிலையையும் கழற்றி எறிந்தால் நாற்காலி மட்டுமட்டாகப் போகும். நிலையில்லாத வாசலில் கதவு போட முடியாது. இழுவைக் கதவுக்கு இரண்டு பக்கமும் இடமில்லை, மடிப்புக் கதவு போட்டால் அது மறுபடியும் அகலத்தைத் தின்னும். ஆகவே ஒரு திரைச்சீலை. நீலத்தில் வெள்ளைப் பூ. அதற்கு முன்னால் டீம் நின்று படம் எடுத்தது. 'சேர்ந்து தீர்த்தோம்' என்று குரூப்பில் போட்டார்கள். அதற்கும் பெருவிரல்கள் விழுந்தன.

நான் வேலையை விடவில்லை. ஐம்பத்தாறு வயதில் யார் வேலை தரப்போகிறார்கள்? ஆனால் அன்றிலிருந்து காலையில் சாமான் அறைக்குள் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன், தேத்தண்ணி நேரத்துக்குத்தான் திறப்பேன். தட்டினாலும் திறப்பதில்லை. எனக்குச் சாமியாரம்மா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். நானாவும் விலகிவிட்டார். அவருக்கு ஏதாவது என்றால் கதவுக்குக் கீழே ஒரு தாளைத் தள்ளிவிட்டுப் போவார்.

வீடு குடிபுகுந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ச்சில் பூசை முடிந்து வரச் சொல்லி அந்த மனைவி கூப்பிட்டார். போக எனக்கு முகமில்லை, போனேன். மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அவர் என்னோடு நன்றாகக் கதைத்தார், கோபம் ஒன்றும் காட்டவில்லை. கிரேனில் மேலே தனியாக இருந்து பார்த்தால் கப்பல்கள் எப்படித் தெரியும் என்று சொன்னார். பற்றிஸ் வைத்து, தேத்தண்ணி ஊற்றித் தந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கதையை நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பினார். யாரும் உதவப் போகவில்லை. உருட்டிக்கொண்டு போய், சீலையை ஒரு கையால் ஒதுக்கி, தன் பாட்டில் உள்ளே போனார். சீலை பின்னால் விழுந்தது. நாங்கள் இருந்த இடத்துக்கும் அதற்கும் பத்தடிகூட இல்லை. கதைத்துக்கொண்டிருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். உள்ளே கம்பியைப் பிடித்து அவர் உடம்பை இறக்குகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

மனைவி யாரையும் பார்க்காமல் ரிமோட்டை எடுத்து டீவியைச் சத்தமாக வைத்தார். சவர்க்கார விளம்பரம் ஒன்று காது கிழியக் கத்தியது. பேரப்பிள்ளைகள் நிமிரக்கூட இல்லை, அவர்களுக்குப் பழகிவிட்டது. மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். மனைவி ரிமோட்டை எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சாப்பிடுங்க மிஸ்" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

விளம்பரம் முடிந்து நாடகம் தொடங்கியது. அதில் ஒரு பெண் மெல்லிய குரலில் ஏதோ சொல்லி அழுதாள். சத்தம் போதவில்லை, சீலைக்குப் பின்னாலிருந்து மறுபடியும் கேட்டது. ரிமோட்டை நான் எடுத்தேன். அது போகிற மட்டும் சத்தத்தைக் கூட்டினேன்.